பான்ஷீயின் வேகத்தைக் கூட்டும் முன் இடப்பக்க ஆயில் சீலைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டூ-ஸ்ட்ரோக் விளையாட்டு வண்டிகளின் வேகத்தைக் கூட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க மணற்குன்றுகளில் ஓடும் யமஹா பான்ஷீ 350 என்ற நாற்சக்கர வண்டியைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றுவது, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற தனிவகைப் புகைக்குழாயைப் பொருத்துவது, பிளக்கில் பொறி பறக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கை நான்கு டிகிரி முன்னே தள்ளுவது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பரிந்துரைத்துவிட்டு, பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் இருப்பவர்கள் பெட்ரோலில் ஆயிலைக் கொஞ்சம் கூட்டிக் கலந்துகொண்டால் போதும் என்று கட்டுரை முடிந்திருப்பதைக் கண்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றுகிறவர் தம் எஞ்சினைக் கெடுத்துக்கொள்வார். அதே தவற்றை நானும் செய்து இரண்டு முறை பிஸ்டனை இழந்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

நான் கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள எல் சென்ட்ரோவில் வசிக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இம்பீரியல் மணற்குன்றுகளுக்குப் போய்விடலாம். கிளாமிஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பகுதியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வார இறுதிதோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு பான்ஷீ. 2004இல் பழைய வண்டியாக வாங்கியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் எடுபிடியாக வேலை பார்த்த காலத்தில்தான் இந்த எஞ்சினின் மூத்த அண்ணனை முதன்முதலில் கையால் தொட்டேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350தான் அது. அதன் சிலிண்டர் விட்டம் 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 54 மில்லிமீட்டர், இரண்டு சிலிண்டருக்குமாகச் சேர்த்து 347 சி.சி. பான்ஷீயின் அளவும் இம்மி பிசகாமல் அதுவேதான். ராஜ்தூத் காற்றால் குளிர்வது, பான்ஷீ நீரால் குளிர்வது. இடையில் வந்த ஆர்இசட் 350 என்ற சாலை பைக்கின் எஞ்சினை, புகை வெளியேறும் வாயின் அளவை மாற்றும் அதன் பவர் வால்வை நீக்கிவிட்டு, 1987இல் நாற்சக்கரச் சட்டத்தில் ஏற்றினார்கள். ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 250ஆர் 1989உடன் நின்றது, சுசுகியின் 500 சி.சி. வண்டி 1990உடன் நின்றது. பான்ஷீ மட்டும் அமெரிக்கச் சந்தையில் 2006 வரை தாக்குப்பிடித்தது. ஆகவே இது அயல்நாட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றிய கடிதம் மட்டுமல்ல. சென்னையிலும் கோவையிலும் ராஜ்தூத் 350ஐப் பொன்போலக் காப்பாற்றி வருகிறவர்கள், கீழே எழுதுவதில் பெரும்பகுதியைத் தம் வண்டிக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

கட்டுரையாளர் தவறவிட்ட அடிப்படை ஒன்று உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் கேஸ் என்பது ஆயில் தங்கும் தொட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அது மூச்சுப்பை. பிஸ்டன் மேலே ஏறும்போது கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல், ஆயில், காற்று மூன்றும் கலந்த கலவையை ரீட் வால்வ் என்ற ஒருவழிக் கதவு வழியாகக் கிராங்க் கேஸ்தான் உறிஞ்சிக்கொள்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அதை அமுக்கி மேலே சிலிண்டருக்குள் அனுப்புகிறது. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள் இந்த மூச்சுப்பையின் சுவர்கள். அவற்றில் ஒன்று இறுகிப்போய் இம்மியளவு இடைவெளி விட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோலும் ஆயிலும் சேராத வெறுங்காற்று உள்ளே நுழைகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் எரிப்பின் சூடு ஏறுகிறது. பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வரவேண்டும் என்பதால், சூடு ஏறும் அதே நேரத்தில் பிஸ்டனுக்கு வழுவழுப்பும் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ள இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வலப்பக்கம் கிளட்ச் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், வெள்ளைப் புகை கிளம்பும், பிளக் நனைந்து போகும். புதுப்பேட்டையில் எங்கள் மேஸ்திரி ராஜ்தூத்தின் புகையைப் பார்த்த மாத்திரத்தில், "தம்பி, வலது சீலைக் கழட்டு" என்பார். அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் இடப்பக்கம், கிராங்க் முனையில் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சீல் புகை காட்டாது. அங்கே உறிஞ்சுவதற்கு ஆயில் இல்லை, காற்று மட்டும்தான் இருக்கிறது. பாடத்தின் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்த நான், வெள்ளைப் புகை இல்லாததால் சீல்கள் நன்றாக இருக்கின்றன என்று நம்பிவிட்டேன்.

நான் வாங்கும்போதே அந்த வண்டியில் எக்ஸ்பான்ஷன் சேம்பரும் திறந்த ஏர் ஃபில்டரும் பொருத்தியிருந்தார்கள். ஒரு ஜனவரி மாதக் காலையில், குன்று ஒன்றின் மீது நான்காவது கியரில் முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஏறிக்கொண்டிருந்தபோது இடப்பக்கப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வேறு ஊரில் இருந்த ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். சிலிண்டரை 64.25 மில்லிமீட்டருக்குப் போர் போட்டு, அதாவது குடைந்து பெரிதாக்கி, புதுப் பிஸ்டன் வைத்து, பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் துளையான மெயின் ஜெட்டை 270லிருந்து 280ஆக ஏற்றித் தந்தார்கள். அடுத்த பருவத்தில் அதே இடப்பக்கப் பிஸ்டன் மறுபடியும் பிடித்தது. இந்த முறை 64.50, கூடவே, நான் எஞ்சினைச் சூடேற்றாமல் விரட்டுகிறேன் என்ற குற்றச்சாட்டும் வந்தது. இரண்டு முறையும் ஒரே சிலிண்டர்தான் போகிறது, இரண்டு கார்புரேட்டரிலும் இருப்பதோ ஒரே அளவு ஜெட், அப்படியானால் குறை ஜெட் அளவில் எப்படி இருக்கும் என்ற கேள்வியை அவர்களும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. வண்டியோ தன் நோயை ஓராண்டாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நன்றாகச் சூடான பிறகு த்ராட்டிலை விட்டால் எஞ்சின் வேகம் உடனே இறங்காது, இரண்டு மூன்று நொடி மேலேயே தொங்கிக்கொண்டிருந்து பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். அதை நான் எஞ்சினின் துடிப்பு என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

மூன்றாவது முறை பணம் செலவழிக்கும் முன் நானே சோதிக்க உட்கார்ந்தேன். கடையில் விற்கும் சோதனைக் கருவி அப்போது என்னிடம் இல்லை. வீட்டில் என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வாங்கி வைத்திருந்த பழைய கருவியின் ரப்பர் பல்பையும் அதன் வட்ட அளவுமானியையும் எடுத்துக்கொண்டேன். அந்த அளவுமானி 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும். அது ஏறத்தாழ 5.8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோதிக்கப் பொதுவாகக் கொடுக்கும் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. என்பதால், அந்தக் கருவி இந்த வேலைக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது. எக்ஸ்பான்ஷன் சேம்பர்களைக் கழற்றி இரு எக்ஸாஸ்ட் வாய்களையும் ரப்பர் அடைப்பான்களால் மூடினேன். கார்புரேட்டர்களைக் கழற்றி, இன்டேக் ரப்பர்களில் ஒன்றை முழுதாக அடைத்து, மற்றதில் குழாய் செருகிய அடைப்பானை வைத்துக் கிளாம்பால் இறுக்கினேன். இரண்டு இன்டேக்குகளையும் இணைக்கும் சிறு குழாய் வெடித்திருந்தால் அதுவும் கசியும் என்பதால் அதைக் கழற்றாமல் விட்டேன். பல்பை அமுக்கி முள்ளை 300க்குக் கொண்டுவந்தேன். நல்ல எஞ்சினில் ஆறு நிமிடம் ஆனாலும் முள் அதிகம் நகராது. நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், அதற்கு மேல் இறங்கினால் எஞ்சினை ஓட்டக்கூடாது. என் வண்டியில் அரை நிமிடத்துக்குள் முள் சுழியத்தைத் தொட்டது.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு இணைப்பாகத் தெளித்தேன். இன்டேக் ரப்பரில் ஒன்றுமில்லை. சிலிண்டர் அடிக் கேஸ்கெட்டில் ஒன்றுமில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டின் கேஸ்கெட் கசிந்திருந்தால் அங்கே குமிழி வரவேண்டும், வரவில்லை. இடப்பக்க மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலைப் புல்லர் போட்டு உருவிவிட்டு, கிராங்க் முனையைச் சுற்றித் தெளித்தேன். மிளகு அளவில் ஒரு குமிழி மெல்லக் கிளம்பி, சுண்டைக்காய் அளவுக்குப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது. இரவு பதினொரு மணிக்குக் கையில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். கிராங்க் கேஸைப் பிரித்து இரு பக்கத்துச் சீல்களையும் மாற்றினேன். அந்தச் சீல்களின் விலையைப் போலப் பல மடங்கு பணத்தை அதற்கு முன் இரண்டு பிஸ்டன்களுக்கும் இரண்டு போருக்கும் கொட்டியிருந்தேன். அதன் பிறகு பருவம் தொடங்கும்போது ஒரு முறையும், எஞ்சினின் மேல்பகுதியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்து வருகிறேன். அந்தச் சிலிண்டர் இன்னும் 64.50லேயே நிற்கிறது.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் ஜெட் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. நிறுவனம் பொருத்தித் தரும் மெயின் ஜெட் 200 என்ற எண்ணை ஒட்டியது. எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பது வெறும் சத்தக் குழாய் அல்ல. வெளியேறும் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, சிலிண்டரிலிருந்து தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் உள்ளே தள்ளும் அமைப்பு அது. அதைப் பொருத்தி ஏர் பெட்டி மூடியையும் கழற்றினால் எஞ்சின் இழுக்கும் காற்று வெகுவாகக் கூடுகிறது, ஆகவே மெயின் ஜெட்டும் 260 முதல் 300 வரையிலான எல்லைக்குள் எங்கோ வந்து நிற்கும். பெரிய எண்ணில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வரவேண்டுமே தவிர, சிறியதில் தொடங்கி மேலே போகக்கூடாது. புது பிளக் போட்டு, மேல் கியர் ஒன்றில் முழு த்ராட்டிலில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நின்று, பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிவரை பார்க்க வேண்டும். அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் அங்கிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பக்கூட வேண்டாம் என்பேன்.

பருவநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் பாலைவனத்தில் சில ஜனவரி மதியங்களில் 25 டிகிரி இருக்கும், மறுநாள் விடியலில் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த 20 டிகிரி வேறுபாட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மதியம் கச்சிதமாக அமைத்த ஜெட் விடியற்காலையில் பெட்ரோல் போதாத ஜெட்டாகிவிடும். என் முதல் பிஸ்டன் குளிர்ந்த காலையில் போனதற்கு இதுவும் துணை நின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. மலைமேல் போனால் கதை தலைகீழ். காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும்.

ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு என்ற வரியைத்தான் நான் மிகவும் வன்மையாக மறுக்கிறேன். பான்ஷீயில் தனி ஆயில் பம்பு கிடையாது, நாம் கலந்து ஊற்றுவதுதான் எல்லாம். 32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று கலந்தால் கலவையில் ஆயில் 3 சதவீதம். அதை 20க்கு ஒன்று என்று மாற்றினால் 4.8 சதவீதம். ஜெட்டின் துளை மாறுவதில்லை. அதே துளை வழியாக இப்போது முன்னைவிடக் கெட்டியான திரவம் போகிறது, அதிலும் பெட்ரோலின் பங்கு குறைந்திருக்கிறது. அதாவது, பெட்ரோல் போதாமல் தவிக்கும் எஞ்சினுக்கு மேலும் பெட்ரோலைக் குறைக்கிறோம். எந்த விகிதத்தில் கலந்தாலும் அந்த விகிதத்துக்கே ஜெட் அமைத்து, பிறகு விகிதத்தை மாற்றாமல் இருப்பதுதான் முறை. நான் 32க்கு ஒன்று என்பதில் நிலைத்துவிட்டேன்.

டைமிங்கை நான்கு டிகிரி முன்னே தள்ளுவது பலரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் சிலிண்டரில் கலவை அமுங்கும் அளவான கம்ப்ரஷன் என்ன என்று அளந்து பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்கெனவே ஏற்றியிருக்கும் வண்டியில், பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலோடு டைமிங்கையும் தள்ளினால் கலவை தானாகவே வெடிக்கத் தொடங்கும். பிஸ்டனின் விளிம்பு அரித்ததுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை, பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு எஞ்சினைச் சுற்றி, நசுங்கிய முனையைக் கேலிப்பரால் அளந்து தெரிந்துகொள்ளலாம். ஸ்ட்ரோக்கை 58 மில்லிமீட்டராக்கி 373 சி.சி., அதோடு 68 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டு 421 சி.சி. என்றெல்லாம் இங்கே கட்டுகிறார்கள். பொருள் இருப்பவர்கள் செய்யட்டும். சீல் மட்டும் அந்த எஞ்சின்களிலும் அதே ரப்பர் சீல்தான்.

அன்றாடப் பராமரிப்பில் ஏர் ஃபில்டர் ஒன்றைத்தான் நான் கட்டாயமாகச் சொல்வேன். மணலில் ஓடும் ஒவ்வொரு நாள் இறுதியிலும் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பொருத்த வேண்டும். பின் அச்சின் நட்டுகள் தளரும் பழக்கம் இந்த வண்டிக்கு உண்டு, ஓட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட சரிவில் இறங்கும்போது த்ராட்டிலை முழுதாக மூடிக் கியரிலேயே இறங்க வேண்டாம். எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆயில் வராது. கிளட்சைப் பிடியுங்கள், அல்லது அவ்வப்போது த்ராட்டிலைத் தொட்டு விடுங்கள்.

கட்டுரையாளர் கழற்றச் சொல்லும் த்ராட்டில் பாதுகாப்பு அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். கைவிரலை எடுத்த பிறகும் கார்புரேட்டரின் ஸ்லைடு இறங்காமல் மாட்டிக்கொண்டால் பற்றவைப்பைத் துண்டிப்பதற்காக யமஹா வைத்த ஏற்பாடு அது. வயதான வண்டிகளில் அதன் ஸ்விட்சுகள் பழுதாகி, குறையில்லாத எஞ்சினையும் திணற வைக்கும் என்பது உண்மை. என் வண்டியிலும் அதைக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கழற்றிய அன்றே, ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிறு உள்ள கில் ஸ்விட்சைப் பொருத்தினேன். ஆள் விழுந்தால் கயிறு இழுத்து எஞ்சின் நிற்கும். ஒன்றைக் கழற்று என்று எழுதுகிறவர் மற்றதைப் பொருத்து என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கட்டுரையோடு வெளியான படத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது தோன்றும் சிறுவன் பான்ஷீ மீது ஹெல்மெட் இல்லாமல் அமர்ந்திருந்தான். 1988இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் உற்பத்தி நிறுவனங்களும் நீதிமன்றத்தின் முன் செய்துகொண்ட உடன்பாட்டில்தான் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது, 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்ற வரையறையும் அதில் இருந்தது. எத்தனையோ குழந்தைகள் இறந்த பிறகு வந்த வரையறை அது. என் அக்கா மகன் பதினான்கு வயதில் இங்கே வந்தபோது, "மாமா, ஒரே ஒரு ரவுண்டு" என்று நாள் முழுவதும் கெஞ்சினான். நான் சாவியைக் கொடுக்கவில்லை. அவன் வருத்தப்பட்டது எனக்கும் வருத்தம்தான், ஆனால் திடீரென்று பீறிட்டுக் கிளம்பும் டூ-ஸ்ட்ரோக்கின் விசையை அந்த வயதுக் கைகள் தாங்காது.

ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில், ஆயிலைக் கூட்டச் சொன்ன வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டு கசிவைச் சோதிக்கும் முறையையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தக் கருவியும் சில ரப்பர் அடைப்பான்களும் சோப்புத் தண்ணீரும் எந்த ஊரிலும் கிடைக்கும். ராஜ்தூத் 350 வைத்திருக்கும் தங்கள் வாசகர்களில், த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்குகிறது என்று உணர்கிறவர்கள் இருந்தால், வரும் வாரம் வண்டியை எடுக்கும் முன் ஃப்ளைவீலை உருவி இடப்பக்க சீலைப் பார்த்துவிடட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
எல் சென்ட்ரோ, கலிபோர்னியா